லிவ் குறில், லீவ் நெடில்

எனக்கு இரண்டு நாள் வாழ வேண்டும் என்று கம்பெனியிடம் எழுத்து மூலமாகக் கேட்டவள் இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம் அது. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்தது. விடுப்புப் படிவத்தை எல்லாரும் தமிழில்தான் நிரப்புவார்கள். எனக்குத்தான் கொழுப்பு. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் நூற்று நாற்பத்தொன்று எடுத்தவள் என்று காட்ட வேண்டாமா? காரணம் என்ற இடத்தில் 'ஐ வான்ட் டூ டேஸ் லிவ்' என்று எழுதினேன். எல்-ஐ-வி-ஈ.

சூப்பர்வைசர் காசிராஜன் அதை ஷிப்ட் தொடங்கும்போது போடும் ஐந்து நிமிட மீட்டிங்கில் வாசித்தார். நாற்பது பேர் நீலக் கோட்டும் தொப்பியுமாக நின்றிருந்தோம்.

"இசக்கிசெல்விக்கு ரெண்டு நாள் வாழணுமாம்ப்பா. கம்பெனி என்ன சொல்லுது?"

லைன் முழுவதும் சிரித்தது. அவர் படிவத்தில் 'கிரான்டட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நல்லா வாழ்ந்துட்டு வாம்மா. மூணாவது நாள் ஷிப்டுக்குக் கரெக்டா வந்துரணும்" என்றார். அவர் மோசமான மனிதர் இல்லை. ஆனால் அன்று முதல் என் பெயர் 'ரெண்டு நாள்' ஆகிவிட்டது. "ஏ ரெண்டு நாளு, டீக்கு வாரியா?" என்று என் ரூமில் கூடவே தங்கியிருந்த பாண்டிச்செல்வியே கூப்பிட்டாள்.

அவமானப்பட்டால் சில பேருக்கு அழுகை வரும். எனக்குக் கோபம் வரும். வந்தால் லேசில் போகாது. கொடை முடிந்து திரும்பியதும் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒன்றுபோலத் தெரிந்து ஆளைக் கவிழ்க்கிற ஆங்கிலச் சொற்களையெல்லாம் அதில் ஜோடி ஜோடியாக எழுத ஆரம்பித்தேன். முதல் ஜோடி லிவ், லீவ். ஒன்று வாழ்வது, மற்றது போவது, விடுவது, விடுப்பு. அடுத்தது எங்கள் கேன்டீன் போர்டிலிருந்து எடுத்தது. அங்கே வியாழக்கிழமைதோறும் 'டெசர்ட்: சேமியா பாயசம்' என்று எழுதுவார்கள், ஒரு எஸ் குறைவாக. பாலைவனம் என்று அர்த்தம். அந்தப் பாயசத்துக்கு அது பொருத்தம்தான்.

மண்ணூர் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த நோட்டை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அங்கேதான் தாவீது என்னிடம் முதலில் பேசினார், அப்போது இருவருக்கும் ஒரே ஷிப்ட்.

"இன்னா சிஸ்டர், டெய்லி மந்திரம் ஓதிக்கினு கீறீங்க?"

எங்கள் கம்பெனி குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கான்ட்ராக்ட் ஆள், அதனால் சாம்பல் நிறச் சட்டை. சுங்குவார்சத்திரம் பக்கத்துக்காரர், மண்ணூர் வந்துதான் பஸ் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், மற்ற நாளில் எல்லாரையும் கிண்டல் செய்வார். ஒரகடத்தில் புதிதாக வரும் கம்பெனியில் ஆள் எடுக்கப் போகிறார்கள், அங்கே ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை வைப்பார்கள், அதற்காக நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். இரண்டாவது வாரத்தில் சிஸ்டர் என்று கூப்பிடுவதை அவராகவே விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று நானும் கேட்கவில்லை.

பிறகு ஷிப்ட் மாறியதில் எங்களுக்கு மிஞ்சியது எட்டு நிமிடம். எனக்கு காலை ஷிப்ட் இருக்கும் வாரத்தில் லைன் இரண்டு மணிக்கு முடியும். வாசலில் சோதனை முடிந்து வெளியே வர ஏழு நிமிடம் ஆகும். பஸ் இரண்டே காலுக்குக் கிளம்பும், அதுவரை கம்பெனி வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்போம். தாவீதுக்கு ஷிப்ட் இரண்டரைக்கு. அடுத்த வாரம் இருவருக்கும் ஷிப்ட் மாறிவிடும், அப்போது நான் உள்ளே போன பிறகுதான் அவர் வெளியே வருவார். ஆக ஒரு வாரம் நாளைக்கு எட்டு நிமிடம், மறு வாரம் அதுவும் கிடையாது. நாள் முழுக்க செல்போன் செய்துகொண்டிருந்த எங்களில் முக்கால்வாசிப் பேர் கையில் செல்போன் கிடையாது. எங்களிடமும் இல்லை. நோட்டுதான் இருந்தது.

அதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டோம். இடது பக்கத்தில் நான் ஜோடிச் சொற்களை அர்த்தத்தோடு எழுதுவேன். வலது பக்கத்தில் அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் ஒரு டீ வாங்கித் தர வேண்டும். ஸ்டாப் பக்கத்தில் மீனம்மாள் வைத்திருக்கும் பெட்டிக்கடையில் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் நோட்டு இருக்கும். நான் வைத்ததை அவர் எடுப்பார், அவர் வைத்ததை நான் எடுப்பேன். மீனம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது எங்களுக்குப் பெரிய வசதியாக இருந்தது.

எடையும் காத்திருப்பும் ஒரு ஜோடி. இரண்டையும் சொன்னால் வெயிட்தான், எழுத்துதான் வேறு. அதற்கு அவர் 'ஐ வெயிட் ஃபார் யூ எவ்ரிடே' என்று எழுதியிருந்தார், எடைக்கு உரிய எழுத்தில். சிவப்புப் பேனாவால் தப்புப் போட்டேன். போட்டுவிட்டு அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.

மறுநாள் எட்டு நிமிடத்தில் அவர் சண்டைக்கு வந்தார். "வெயிட்டு தூக்குறதும் நான்தான், வெயிட் பண்றதும் நான்தான். ஒரே ஸ்பெல்லிங்கா இருந்துட்டுப் போட்டுமே. ஒனக்கு இன்னா நஷ்டம்?"

"பரீட்சையில மார்க் போட மாட்டாங்க, தாவீது."

"பரீட்ச கெடக்குது. நீ போடுவியா?"

எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. தமிழில் சொல்லச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் வெட்கத்தில் செத்திருப்போம். அவருடைய தமிழும் என்னுடைய தமிழும் வேறு வேறு, நான் 'சோலி' என்றால் அவர் முழிப்பார், அவர் 'இட்டாந்தேன்' என்றால் நான் முழிப்பேன். ஆங்கிலம் இரண்டு பேருக்கும் சமமாகத் தெரியாத பாஷை. அதனால் அதில் பயம் இல்லாமல் எதையும் எழுதலாம் என்று இருந்தது.

அவருக்குக் கடைசி வரை பிடிபடாதது அந்த முதல் ஜோடிதான். 'ஐ ஆம் லீவிங் இன் சுங்குவார்சத்திரம்' என்று பத்துத் தடவை எழுதினார், பத்துத் தடவையும் திருத்தினேன். ஒருநாள் பஸ் கிளம்பப் போகிற நேரம், ஜன்னலுக்கு வெளியே நின்றவரிடம் எட்டிச் சொன்னேன்.

"தமிழ்ல குறில் நெடில் படிச்சிருக்கீங்கள்லா? அதே கணக்குதான். லிவ் குறில், லீவ் நெடில். வாழுதது குறில், போறது நெடில். இனிமே மறக்கக் கூடாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் டிரைவர் வண்டியை உறுமவிட்டார், பின்சீட்டுப் பெண்கள் கத்தினார்கள். 'நமக்கு' என்றும் 'நெடில்' என்றும் இரண்டு சொல்தான் என் காதில் விழுந்தன. விளங்காமலே தலையை ஆட்டிச் சிரித்துவைத்தேன். பஸ் திரும்புகிற வரை அவர் சந்தோஷமாகக் கையாட்டிக்கொண்டு நின்றார்.

இது நடந்தது 2006 மே மாதம். ஜூன் மாதம் அவர் ஒரகடம் கம்பெனிப் பரீட்சையில் தேறிவிட்டார். ஜூன் கடைசி வாரம் எங்களுக்கு எட்டு நிமிடம் இல்லாத வாரம். நான் மதியம் வேலைக்குப் போகுமுன் கடையில் நோட்டை எடுத்தேன். வலது பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம், நல்ல கையெழுத்தில், கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார்.

'ஃப்ரம் ஜூலை ஃபர்ஸ்ட், ஐ வான்ட் லீவ் வித் யூ.'

எல்-ஈ-ஏ-வி-ஈ. ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு உன்னிடம் லீவு வேண்டும்.

நாலைந்து தடவை படித்தேன். அன்று காலையில்தான் பாண்டிச்செல்வி, "ஒங்க ஃபோர்க்லிஃப்ட்டு ஒண்ணாந்தேதியில இருந்து ஒரகடம் போறாராம்லா, குடோன்ல எல்லாருக்கும் லட்டு குடுத்தாராம்" என்று சொல்லியிருந்தாள். இரண்டும் சரியாகப் பொருந்தின. பெரிய கம்பெனி, புது வேலை. இந்த மண்ணூர் ஸ்டாப்பும் எட்டு நிமிடமும் இனி எதற்கு? அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல், சூப்பர்வைசரிடம் படிவம் நீட்டுகிற மாதிரி நீட்டியிருக்கிறார்.

நேரில் கேட்டிருக்கலாம். ஒருநாள் ஓவர்டைமுக்கு நின்றாலோ, குடோன் பக்கம் ஆள் அனுப்பினாலோ கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு ஆங்கிலச் சொல்லுக்காக நாற்பது பேர் முன்னால் கேவலப்பட்டவள் நான். இன்னொரு சொல்லுக்காக ஒருவர் முன்னால் போய் நின்று அழ எனக்கு மனம் இல்லை. காசிராஜன் எனக்கு எழுதியது ஞாபகம் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்த வாக்கியத்துக்குக் கீழே 'லீவ் கிரான்டட்' என்று எழுதினேன். தேதியும் போட்டு இசக்கிசெல்வி என்று முழுப் பெயரில் கையெழுத்திட்டேன். நோட்டை பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனேன்.

மறுநாள் முதல் அடுத்த ஸ்டாப் வரை நடந்துபோய் அங்கே பஸ் ஏறினேன். மீனம்மாள் கடைப் பக்கம் தலைவைக்கவில்லை. தீப்பெட்டி வாங்கக்கூட வேறு கடைக்குப் போனேன். பாண்டிச்செல்வி கேட்டதற்கு, "அந்தப் பேச்சை எடுத்தே, ரூமை மாத்திருவேன்" என்றேன். அவள் எடுக்கவில்லை.

கோபம் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. அது ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு இருந்ததை எப்படிச் சொல்வது? என் வேலை மைக் டெஸ்டிங். ஒவ்வொரு போனாக எடுத்து 'ஹலோ' என்று சொல்ல வேண்டும், சொன்னது காதில் திரும்பி வந்தால் போன் பாஸ். நாளைக்கு அறுநூறு போன். அறுநூறு தடவையும் என் குரலே திரும்பி வந்து எனக்கு ஹலோ சொல்லும். வேறு ஒரு குரல் வராதா என்று இருக்கும். குடோன் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது பீப் பீப் என்று சத்தம் போடும். ஓட்டுவது வேறு ஆள் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பேன். இரண்டு மணிக்கு வெளியே வந்ததும் கால் தானாக அந்த வேப்பமரத்தடிக்குப் போகும். எட்டு நிமிடமும் அங்கே நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். யாராவது பார்த்தால் செருப்பு வாரைச் சரிசெய்வது போல நடிப்பேன்.

ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது அம்மா ஒரு போட்டோவைக் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளை பெயர் பேச்சிராஜ், தென்காசியில் டிராக்டர் உதிரிபாகக் கடை. நல்ல முகம். "தை மாசம் வச்சிக்கிடலாமாட்டி?" என்றாள். "ஒங்க இஷ்டம்" என்றேன். அந்த மனிதர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவரைப் பற்றி நினைக்கவே முடியவில்லை என்பதுதான் குறை.

அக்டோபர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை. பாண்டிச்செல்விக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. பக்கத்துக் கடைகள் பூட்டியிருந்தன. மாத்திரைக்காக மீனம்மாள் கடைக்குப் போனேன்.

அந்தம்மா என்னைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, இங்கதான் கீறியா நீ? ஊரோட பூட்டேன்னு சொன்னாங்களே! இந்தாம்மா, ஒன் நோட்டு. எலி ஓரத்தக் கடிச்சிடுச்சி. அந்தத் தம்பி நாயித்துக்கெழம தவறாம வந்து எழுதிக்கினு, நீ எடுத்தியான்னு கேட்டுக்கினு, நான் இல்லன்னா மறுக்கா வெச்சிட்டுப் பூடும்."

மாத்திரையை வாங்க மறந்துவிட்டேன். அங்கேயே கல்லில் உட்கார்ந்து திறந்தேன்.

என் சிவப்பு மைக்குப் பிறகு பதிமூன்று பக்கம் எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி. முதல் பக்கத்தில் 'தேங்க் யூ, தேங்க் யூ, தேங்க் யூ' என்று மூன்று வரி. என்னடா இது, லீவு கொடுத்ததற்கு இவ்வளவு நன்றியா என்று முகம் சுட்டது. அடுத்த பக்கம்: 'ஐ ஆம் லீவிங் இன் வல்லம். ஒன் ரூம், ஒன் கிச்சன்.' வல்லத்தை விட்டும் போகிறாரா? அதற்கடுத்தது: 'ஐ ஆம் லீவிங் அலோன். யூ கம்.' கூப்பிட்டுக்கொண்டே போகிறவர் யார்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஐந்தாவது பக்கத்தில் இருந்தது: 'பிக் ரெயின். ஐ ஆம் லீவிங் இன்சைட்.'

பெரிய மழை, நான் உள்ளே போய்விடுகிறேன் என்று அதைப் படிக்கப் பார்த்தேன். எழுத்து இடம் கொடுக்கவில்லை. லீவ் என்றால் வெளியே போவது. உள்ளே இருந்துகொண்டு யாரும் லீவ் ஆக முடியாது. மழை நாளில் ஒருவர் வீட்டுக்கு உள்ளே செய்யக்கூடியது வாழ்வது மட்டும்தான். பழைய பக்கத்தைத் திருப்பினேன். ஜூலை ஒன்றிலிருந்து உன்னோடு வாழ வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். நான் அனுமதி அளித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எட்டாவது பக்கம் தமிழில் இருந்தது. 'ஒரு டீ நான் வாங்கித் தரேன், தமிழ்ல எழுதுறேன். செல்வி, நான் நெடில் போட்டது ஒனக்குப் புரிஞ்சிதா? அன்னிக்கி பஸ்ல சொன்னேனே. வாழ்றது குறிலு, போறது நெடிலுன்னு நீ சொன்னே. அது எனக்குப் புடிக்கல. நமக்கு மட்டும் மாத்தி வெச்சிக்கலாம்னேன். நமக்கு வாழ்றது நெடில், போறதுதான் குறில். நீ சிரிச்சே. சரின்னுதான் நெனச்சேன். சத்தத்துல கேக்கலியா?'

கேட்கவில்லை. கேட்காமலே சிரித்தேன். எனக்கு வந்த கோபம் முழுவதும் இப்போது என் மேலேயே திரும்பியது, கடை வாசல் என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். மீனம்மாள் ஒரு சோடாவை உடைத்து நீட்டினார்.

பதினோராவது பக்கத்தில், என் ரூமுக்கு வந்ததாகவும் வீட்டுக்காரம்மா எனக்கு ஊரில் கல்யாணம் பேசியிருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும் உடைந்த ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டுக்கார சந்திரம்மாளிடம் அன்றே போய்க் கேட்டேன். "ஆமா, வந்தான் ஒருத்தன். நாலு பொண்ணுங்க தங்கிக்கீற வூடும்மா இது. பின்ன இன்னா சொல்லச் சொல்றே?" என்றார். அவரிடம் சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கடைசிப் பக்கம் மூன்று நாளைக்கு முந்தைய ஞாயிறு. 'ஐ ஆம் லிவிங் ஆன் மன்டே.' எல்-ஐ-வி. கீழே பூனாவில் ஒரு கம்பெனி ஷெட்டின் விலாசம்.

ரூமில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்திருந்தபோது பாண்டிச்செல்வி தலைவலியோடு எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, திங்கக்கிழமையில இருந்து வாழுதானாம்லா. எவளையோ கூட்டிக்கிட்டு பூனாவுக்குப் போயிட்டான். நீ கெடந்து அழுதுக்கிட்டு இரு."

"வாழல. போயிட்டார்" என்றேன். "போறதை அவர் குறிலாத்தான் எழுதுவார்."

போவது சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைக்கிறவர்தான் அப்படி எழுதுவார். அந்த ஒரு குறிலைப் பிடித்துக்கொண்டுதான் அன்று நான் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்துத் தடவை தப்பாக எழுதியவர் பதினோராவது தடவையும் வெறும் தப்பாக எழுதியிருக்கலாம். என்மேல் மனம் விட்டுப்போய், எந்த எழுத்து என்று யோசிக்கக்கூடப் பிடிக்காமல் எழுதியிருக்கலாம்.

மறுநாள் எனக்கு மதியம்தான் ஷிப்ட். காலையில் பஸ் பிடித்து வல்லம் போனேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த நாலு வீடு வரிசை, சுற்றிலும் ஆலைகளுக்காக வளைத்துப் போட்ட வெறும் வயல். வீட்டுக்கார ராஜம்மா கதவைத் திறந்துவிட்டார்.

"கம்பெனிக்காரங்க ஆள் கேட்டாங்களாம், இதுவே போறேன்னு பேர் குடுத்துச்சாம். ஒரு வருசமாம். மாசக் கடைசி வரிக்கும் வாடக குத்துட்டுதான் போச்சி. செல்வின்னு யாரா வந்தா தொறந்து காட்டுங்கன்னு சொல்லிச்சி. நீதானா?"

ஒரு பாய். ஒரு ஸ்டவ். கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டு. இரண்டில் ஒன்றின் அடியில் கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. பதிமூன்று வாரமும் அந்தத் தட்டு சோறு பார்க்காமல் இருந்திருக்கிறது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் நான் ஜூலை ஒன்றாம் தேதி வந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள்.

"மாடியாண்ட வாம்மா" என்று ராஜம்மா கூப்பிட்டார். "இந்த வூட்டக் காட்டுன அன்னிக்கி, இங்கேர்ந்து வல்லக்கோட்ட கோபுரம் தெரியுமான்னு கேட்டுச்சி. நீ ஏசு சாமி கும்புடற ஆளாச்சே, ஒனக்கு முருகர் எதுக்குன்னேன். எனுக்கு இல்லம்மா, அது கும்புடும்னுச்சி. வெய்ய நாள்ல நல்லாத் தெரியும்."

அன்று மேகமாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் அந்தத் திசையில் நின்று கும்பிட்டேன். இறங்கி வந்து, வீட்டை யாருக்கும் விட்டுவிட வேண்டாம் என்று ராஜம்மாவிடம் சொன்னேன். புதுத் தட்டை மட்டும் எடுத்து, பூனா விலாசம் இருந்த நோட்டோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். "அம்மா, அந்தப் போட்டோவத் திருப்பிக் குடுத்துரு" என்றேன். தாவீதைப் பற்றியும் சொன்னேன். அம்மா கத்தினாள். அழுதாள். "அவன் ஒன்ன வச்சி வாழுவான்னு என்னட்டி நிச்சயம்?" என்று கேட்டாள். நிச்சயம் எதுவும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டேன்.

ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். லைனுக்குப் போகாமல் நேராகக் காசிராஜன் மேசைக்குப் போய் விடுப்புப் படிவம் ஒன்றை உருவினேன். பெயர், நம்பர், லைன். காரணம் என்ற இடத்தில் நிதானமாக எழுதினேன். 'ஐ வான்ட் லீவ்.' எல்-ஈ-ஏ-வி-ஈ. 'ஃப்ரம்' என்பதற்கு நேரே மறுநாள் தேதி போட்டேன். 'டு' என்பதற்கு நேரே பேனாவைக் கொண்டுபோனேன், அங்கே எழுத எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்படியே நீட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே. இந்தத் தடவை ஸ்பெல்லிங் கரெக்டா போட்டுட்டியேம்மா."

"ஆமா சார். நெடில்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார்."

அவர் பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தினார். "டு-வுக்கு நேரா ஒண்ணுமே எழுதலயே. என்னைக்குத் திரும்பி வருவேன்னு போடணும்ல? ரெண்டு நாள் போதாதா?"

"போதாது சார்" என்றேன்.